கட்டிலுக்கடியில் பதினேழு கோடி

2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை. கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில் ஹூக்ளி ஆற்றை ஒட்டிக் கிடக்கும் கார்டன் ரீச்சில், லாரித் தொழில் செய்பவர் ஒருவரின் வீட்டுக்குள் அமலாக்கத் துறையினர் நுழைந்தார்கள். கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் பைகளில் நோட்டுக் கட்டுகள் இருந்தன. வங்கியிலிருந்து ஆட்களையும் எண்ணும் இயந்திரங்களையும் வரவழைத்துப் பகலெல்லாம் எண்ணினார்கள். இருட்டிய பிறகும் எண்ணினார்கள். முடித்தபோது தொகை 17 கோடியே 32 லட்சம் ரூபாய். பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், இடையிடையே இரண்டாயிரமும் இருநூறும். டிரங்குப் பெட்டிகளில் அடைத்து வண்டியேற்றும்போது தெருவே கூடி நின்று பார்த்தது.

அந்த வீட்டு மகன் ‘ஈ-நக்கட்ஸ்’ என்ற கைபேசி விளையாட்டுச் செயலியை நடத்தினார், அதில் ஏமாந்தவர்களின் பணம்தான் இது என்பது விசாரணை அமைப்பு சொல்வது. இரண்டு வாரத்தில் அவர் காசியாபாத்தில் கைதானார். செப்டம்பர் முடிவதற்குள், ஒரு கிரிப்டோ சந்தையில் கிடந்த 77 சொச்சம் பிட்காயின்களும் முடக்கப்பட்டன. அன்றைய விலைக்கு அதுவே சுமார் 12.83 கோடி. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். எனக்கு அந்தச் செயலி வேலை செய்த விதம்தான் முக்கியம்.

பணம் கட்டினால் கமிஷன் வரும். வந்த கமிஷன் செயலிக்குள்ளேயே இருக்கும் வாலட்டில் சேரும். சேர்ந்ததை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையாகவே எடுக்க முடிந்தது, அங்கேதான் சூட்சுமம். எடுத்துப் பார்த்தவர்கள் மறுபடி கட்டினார்கள், கூடுதலாகக் கட்டினார்கள். போதுமான பணம் சேர்ந்ததும் ஒருநாள் எடுக்கும் வசதி மட்டும் நின்றுபோனது. ‘கணினி அமைப்பை மேம்படுத்துகிறோம்’ என்றார்கள், ‘விசாரணை நடக்கிறது’ என்றார்கள். பிறகு பயனர்களின் விவரம் உட்பட எல்லாத் தகவலும் சர்வரிலிருந்து துடைக்கப்பட்டது. ஏமாந்தவர் போய்க் காட்டுவதற்கு ஒரு ரசீது, ஒரு திரை, ஒரு பெயர்கூட மிச்சமில்லை.

இப்படி ஒரு செய்தி வந்தால் நம் ஊர் டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும் என்பது தெரிந்ததே. பேராசை பெருநஷ்டம். சும்மா வரும் பணத்துக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான். படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாக, ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்பார்கள். இரண்டும் ஒரே தீர்ப்புதான்: தப்பு விழுந்தவன் மேல். இந்தத் தீர்ப்பு எனக்கு வரவர எரிச்சலூட்டுகிறது. அதற்குக் காரணம் கார்டன் ரீச்சிலேயே இருக்கிறது.

தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சில்தான். அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்த்ததால் அந்தப் பகுதி எனக்குப் பழக்கம். ரயில்வே வளாகத்தின் பெரிய மரங்களையும் போர்க்கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்களையும் தாண்டினால் மெட்டியாபுரூஸ். அவத் நாட்டை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட பிறகு, 1856-இல் நவாப் வாஜித் அலி ஷா வந்து இறங்கிய இடம். லக்னோ போனால் என்ன என்று இந்த ஆற்றங்கரையில் இன்னொரு லக்னோவைக் கட்டப் பார்த்தார் மனிதர். இசை, கதக், மிருகக்காட்சி சாலை, பட்டம் விடுதல், பிரியாணி. 1887-இல் அவர் கண்ணை மூடியதும் எல்லாம் ஏலத்துக்குப் போயின. பெயர்கள் மட்டும் சந்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமலாக்கத் துறை நுழைந்த சந்துக்குப் பெயர் ஷாஹி அஸ்தபல், அதாவது நவாபின் குதிரை லாயம்.

இன்றைய மெட்டியாபுரூஸ் தையல்காரர்களின் ஊர். வீட்டுக்கு வீடு மெஷின் சத்தம். கிழக்கு இந்தியாவின் எத்தனையோ குழந்தைகளுக்குப் பண்டிகைச் சட்டை இங்கேதான் வெட்டித் தைக்கப்படுகிறது. தையல்காரர்களை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளி-மேஸ்திரிக்கு ஒஸ்தாகர் என்று பெயர். வாரக் கடைசியில் ஹாட் எனும் சந்தை கூடும்போது பீகார், ஒடிசா, அசாம் வியாபாரிகள் மூட்டை மூட்டையாக அள்ளிப் போவார்கள். அதில் பெரும்பகுதி கடன். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, ஒரு நீள நோட்டில் பெயரும் தொகையும்தான்.

எனக்குத் தெரிந்த ஒஸ்தாகர் ஒருவர் குழந்தைகள் ஃபிராக் தைக்கிறார். “முன்பின் தெரியாத ஆளுக்கு எந்த தைரியத்துல கடன் கொடுக்கறீங்க சாகிப்?” என்று ஒருமுறை கேட்டேன். கத்தரியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “முதல் ரெண்டு தடவை ரொக்கம் கொடுத்து எடுப்பான். மூணாவது தடவை பாதி நிப்பாட்டிட்டு, சொன்ன தேதியில கொண்டுவந்து கொடுப்பான். அதுக்கப்புறமும் நம்பலேன்னா நான் கடையை மூடிட்டுப் போகணும், தாதா.”

ஒரு வங்கியின் கடன் பிரிவு இதற்கு மேல் என்ன செய்கிறது? சிறிய தொகையைக் கொடுத்துப் பார். திரும்பி வந்தால் பெரிய தொகை கொடு. உலகத்தில் எந்த வியாபாரமும் இந்தச் சோதனையை வைத்துத்தான் நடக்கிறது. ஈ-நக்கட்ஸ் அந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறியது. கட்டினார்கள், எடுத்துப் பார்த்தார்கள், வந்தது. யோசிக்காமல் விழுந்தவர்கள் அல்ல அவர்கள். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார்கள். மோசடிக்காரன் முதலில் கொடுக்கிறவனாக வருகிறான். ‘கேட்கிறவனிடம் ஜாக்கிரதை’ என்று மட்டுமே சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, கொடுக்கிறவனைச் சந்தேகிக்க எந்தப் பயிற்சியும் இல்லை.

வங்காளத்துக்கு இது புதிதுமில்லை. 1980-இல் சஞ்சயிதா, 2013-இல் சாரதா, இரண்டும் முதலீட்டு மோசடிகள். சாரதாவுக்குப் பணம் திரட்டிய ஏஜெண்டுகள் வெளியூரிலிருந்து வந்த மோசக்காரர்கள் அல்ல. பக்கத்து வீட்டுப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். முதல் முதிர்வுத் தொகை ஒழுங்காக வந்தவர்களின் வாயே விளம்பரம். தமிழ்நாட்டில் பெருந்துறை ஈமுக் கோழி மோசடியையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்களே, ‘மைவி3 ஆட்ஸ்’ நிறுவனத்தின் மீது வழக்குப் பதிந்ததை எதிர்த்து? விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன நிறுவனம். அந்தக் கூட்டத்தைப் பார்த்து இணையம் முழுக்கச் சிரித்தது, மீம் போட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கணக்கில் பணம் வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரிடம், இது நிலைக்காது என்று போலீஸ்காரர் சொன்னால் அவர் யாரை நம்புவார்? பார்த்ததையா, சொன்னதையா? வழக்கு எப்படி முடிந்தாலும் இந்தக் கேள்வி நிற்கும்.

கணினிப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் வெகுகாலமாக ஒரு வாக்கியத்தை மந்திரம் மாதிரி சொல்லி வருகிறார்கள்: பூட்டு எவ்வளவு நல்லதானாலும், பலவீனமான கண்ணி மனிதன்தான். வசதியான வாக்கியம். பூட்டு செய்தவருக்கும் சாவி விற்றவருக்கும் அதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் ‘ஸ்பேம்’ எனும் குப்பை அஞ்சலின் பொருளாதாரத்தை உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் வேறு இடத்தைக் காட்டினார்கள்.

முதல் குப்பை அஞ்சல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1978 மே 3-இல் போனது. டெக் (DEC) என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைக்காரர் கேரி துவெர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்குப் புதிய கணினி மாதிரியைப் பற்றி ஒரே கடிதத்தை அனுப்பினார். திட்டும் விழுந்தது, விற்பனையும் நடந்தது. திட்டைத் தள்ளிவிட்டு விற்பனையை எடுத்துக்கொண்டார். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது 2008-இல் தெரிந்தது. கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், பிறர் கணினிகளைக் கைப்பற்றி அமைத்த ‘ஸ்டார்ம்’ என்ற கணினிப் படையின் ஒரு பகுதிக்குள் புகுந்து, அதன் வழியாக ஓடும் அஞ்சல்களை எண்ணினார்கள். 26 நாட்களில், போலி மருந்து விற்கும் அஞ்சல்கள் ஏறத்தாழ 35 கோடி. வாங்க முயன்றவர்கள் 28 பேர். ஒன்றேகால் கோடிக் கடிதத்துக்கு ஒருவர். அனுப்பச் செலவே இல்லாதபோது இந்த விகிதமே லாபம். விழிப்புணர்வுப் பிரசாரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைக் காப்பாற்றினாலும் அனுப்புகிறவனுக்குக் கவலையில்லை. அவனுக்கு வேண்டியது அந்த ஒருவர்தான்.

எழுத்துப் பிழை மலிந்த குறுஞ்செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக் கேலி செய்வது நமக்கு ஒரு பொழுதுபோக்கு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012-இல் அந்தச் சிரிப்பை அடக்கினார். நைஜீரிய மோசடிக்காரர் ஏன் வெளிப்படையாக நைஜீரியாவிலிருந்து எழுதுகிறேன் என்கிறார்? சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே விலகிப்போகட்டும் என்றுதான். கடைசிக்கட்டத்தில் கழன்றுகொள்பவனோடு பேசி நேரத்தை வீணாக்க அவருக்கு விருப்பமில்லை. கேலி செய்யும் நாம் அவருடைய வாடிக்கையாளர்களே அல்ல. வடிகட்டப்பட்டு வெளியே விழுந்த சக்கை.

2011-இல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். குப்பை அஞ்சலில் வந்த பொருள்களை ஆய்வாளர்கள் தாங்களே காசு கொடுத்து வாங்கி, அந்தக் காசு எந்த வங்கிக்குப் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அனுப்பிய கணினிகள் லட்சக்கணக்கில், தளங்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில். பணம் வாங்கிய வங்கிகள்? அவர்கள் பார்த்த பொருள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல், மூன்றே வங்கிகள். இந்தப் பக்கம் கோடிக்கணக்கான கைபேசிகள், அந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்கள். கூட்டம் ஒரே வாசலில் நெருங்கித்தான் போயாக வேண்டும் என்றால், காவலரை எங்கே நிறுத்துவோம்? நாம் கோடிப் பேரின் காதிலும் காலர் ட்யூனாக எச்சரிக்கை ஓதினோம்.

கார்டன் ரீச் வழக்கும் ஒரு வாசலில்தான் பிடிபட்டது. ஏமாந்தவர்களின் ஓலம் முதலில் எட்டவில்லை. ஃபெடரல் வங்கி அதிகாரிகள் கொல்கத்தா நீதிமன்றத்தில் கொடுத்த புகாரின் பேரில் பார்க் ஸ்ட்ரீட் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது, 2021 பிப்ரவரியில். கட்டிலுக்கடியில் பணம் கிடைத்தது 2022 செப்டம்பரில். நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல். ஆனாலும் முதல் மணியை அடித்தது ஒரு வங்கி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பணம் காற்றில் வந்து கட்டிலுக்கடியில் இறங்கவில்லை. யாரோ ஒருவர் பெயரில் உள்ள கணக்கில் ஏறி, இன்னொன்றுக்கு மாறி, எங்கோ ஒரு கவுண்டரில் தாளாகி வெளியே வந்திருக்கிறது.

அந்தக் கணக்குகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடப்படும் வங்கிக் கணக்குகள் அவை. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சில ஆயிரங்களோடு வீட்டுக்குப் போகிறவர் கூலித் தொழிலாளியாக இருப்பார், அல்லது கல்லூரி மாணவர். போலீஸ் முதலில் தட்டுவது அவர் கதவை. இத்தகைய கணக்குகளை மோப்பம் பிடிக்க ‘மியூல்ஹண்டர்’ என்ற மென்பொருளை 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நல்லதுதான். ஆனால் மாதம் பத்தாயிரம் புழங்கும் கணக்கில் ஒரே நாளில் பத்து லட்சம் வந்து போனால் கவனிக்க, நான் வேலை பார்த்த காலத்துக் கணக்கர் எவருக்கும் மென்பொருள் தேவைப்பட்டிருக்காது.

செய்தி அனுப்புகிறவனை ராட்சசனாக்கிக் காட்டுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஏமாற்றி ஆள் பிடிப்பது பழைய தொழில். கார்டன் ரீச் கரையோரத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கூலி டிப்போக்கள் இருந்தன. அர்காட்டி எனப்பட்ட ஆள்பிடி தரகர்கள் பீகார் கிராமங்களில் சுற்றிவந்து, நல்ல சம்பளம், லேசான வேலை, பக்கத்து ஊர்தான் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். சுரினாம் என்பதை ‘ஸ்ரீராம் நாடு’ என்று சொல்லிக் கூட்டிப்போனதாக, போனவர்களின் வம்சத்தார் இன்றும் சொல்கிறார்கள். 1873 பிப்ரவரியில் சுரினாமுக்கான முதல் கப்பல் லாலா ரூக் கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. ஜூனில் கரை சேர்ந்தது. அப்படிக் கப்பலேறியவர்களின் நினைவாக ஆற்றங்கரையில் ஒரு மூட்டையோடு நிற்கும் கணவன் மனைவி சிலை இருக்கிறது.

கட்டிலுக்கடியில் பணம் எண்ணப்பட்ட அதே 2022 செப்டம்பரில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சமூக ஊடக விளம்பரத்தையும் ஏஜெண்டுகளையும் நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய், கைபேசியைக் கொடுத்து, முன்பின் தெரியாதவர்களிடம் இனிமையாகப் பேசிப் பணம் கறக்கச் சொன்னார்கள். மறுத்தால் அடி. அக்டோபர் முதல் வாரத்தில் பதின்மூன்று பேர் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள். ‘ஹாய்’ என்று நமக்கு வரும் செய்தியின் மறுமுனையில் விளம்பரத்துக்கு ஏமாந்த இன்னொருவர் இருக்கலாம்.

மறுபடி அந்த ஒஸ்தாகர். ஒருநாள் கைபேசியை நீட்டி, “இதைப் பாருங்க தாதா” என்றார். போன மாத பில் கட்டாததால் இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும். தமிழ்நாட்டில் மின்வாரியம் பெயரில் சுற்றிய அதே செய்தி. வாரியம் மட்டும் மாறியிருந்தது. அவர் ஏமாறவில்லை. பில் கட்டியது நினைவிருந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்கத் தெரியாத எண் எதையும் எடுக்காமல் விட்டதில், புது எண்ணிலிருந்து கூப்பிட்ட கட்டக் வியாபாரி ஒருவர் பூஜை சீசன் ஆர்டரைப் பக்கத்துச் சந்துக்காரருக்குக் கொடுத்துவிட்டார். இந்த நஷ்டம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. நம்பிக்கையே மூலதனமான ஒரு சந்தையில், யாரையும் நம்பாதே என்ற அறிவுரை இலவசமாகக் கிடைப்பதில்லை. வங்கியிலிருந்து உண்மையாகவே வரும் அழைப்பையும், ஆஸ்பத்திரி அழைப்பையும், வெளிநாட்டிலிருந்து மகன் புது எண்ணில் கூப்பிடுவதையும் சேர்த்துத்தான் நாம் அணைக்கிறோம். ஹெர்லி இதையும் 2009-இலேயே எழுதினார்: பாதுகாப்பு அறிவுரைகளைச் சாதாரண மக்கள் காற்றில் விடுவது சோம்பலால் அல்ல, அவற்றைக் கடைப்பிடிக்க ஆகும் நேரத்தையும் தொல்லையையும் கூட்டிப் பார்த்தால், விடுவதே கணக்குக்குச் சரியாக வருகிறது.

அப்படியானால் நஷ்டம் யார் தலையில்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை கொஞ்சம் நியாயமானது. வாடிக்கையாளர் மேல் தப்பில்லாமல் மூன்றாம் ஆள் களவாடினால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனதெல்லாம் அவர் பொறுப்பு. ஈ-நக்கட்ஸ் மாதிரி தன் விரலாலேயே தட்டி அனுப்பிய பணம் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. 1930-க்குக் கூப்பிடலாம். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் நின்றால் நிறுத்திவைப்பார்கள். தாண்டிவிட்டால் தாண்டியதுதான்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் வேறு மாதிரி. ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணமாக இருந்தாலும், உள்நாட்டுப் பரிமாற்றத்தில் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அதில் பாதி அனுப்பிய வங்கியின் பங்கு. மறுபாதி, திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கியின் பங்கு. இந்த மறுபாதிதான் எனக்குப் பிடித்த சட்டம். வாடகைக் கணக்கு ஒவ்வொன்றும் வங்கிக்கே செலவாக மாறும் நாளில், அதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் வங்கிக்குத் தானாக வந்துவிடும்.

வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அப்புறம் ஜனங்க அசட்டையா ஆயிடுவாங்க, கொஞ்சம் சுட்டாத்தான் புத்தி வரும்” என்றார். வாடிக்கையாளருக்குச் சுட்டால் புத்தி வரும் என்றால் வங்கிக்குச் சுட்டாலும் வருமே என்று கேட்டேன். வங்கி நடத்துவது அவ்வளவு சுலபமில்லை என்றார். தையல்கடை நடத்துவதும் சுலபமில்லை என்றேன். அன்று அதற்குமேல் பேச்சு வளரவில்லை.